உங்கள் மைன்கிராஃப்ட் உலகம் எங்கே இருக்கிறது?

மைன்கிராஃப்ட் விளையாட்டில் ஒரு கோட்டை கட்டுகிறீர்கள். இரவானதும் கணினியை அணைத்துவிட்டுத் தூங்கப் போகிறீர்கள். மறுநாள் திறந்தால் கோட்டை, சுவரில் மாட்டிய தீப்பந்தம், வளர்த்த கோழி எல்லாம் அப்படியே இருக்கின்றன. அப்படியென்றால் அந்த உலகம் கணினிக்குள் எங்கோ கோப்பாக எழுதப்பட்டிருக்க வேண்டும், இல்லையா? வாருங்கள், தேடிப் பார்ப்போம்.

விண்டோஸ் கணினியில் பலரும் முதலில் தேடுவது 'புரோகிராம் ஃபைல்ஸ்' கோப்புறையில்தான். மென்பொருள்கள் குடியிருக்கும் இடம் அது. ஆனால் உங்கள் கோட்டை அங்கே கிடைக்காது, அங்கே இருக்கவும் கூடாது. அந்தக் கோப்புறை நூலகப் புத்தகம் மாதிரி. அப்பா, அக்கா, நீங்கள் என்று ஆளுக்கொரு கணக்கு வைத்திருந்தாலும் மென்பொருள் எல்லோருக்கும் பொது. பொதுப் புத்தகத்தில் யாரும் குறிப்பு எழுதக் கூடாது, அவரவர் நோட்டில்தான் எழுத வேண்டும். அதனால்தான் நிர்வாகியின் அனுமதி இல்லாமல் அங்கே எதையும் எழுத விண்டோஸ் விடுவதில்லை. சாதாரணக் கணக்கில் ஒரு வைரஸ் நுழைந்தால்கூட, அங்கிருக்கும் மென்பொருள்களை அதனால் எளிதில் கெடுக்க முடியாது.

பழைய மென்பொருள்கள் பல இந்த ஒழுங்குக்குக் கட்டுப்படவில்லை. தாங்கள் இருந்த இடத்திலேயே எல்லாவற்றையும் எழுதி வைத்தன. 2007இல் கடைகளுக்கு வந்த விண்டோஸ் விஸ்டா கட்டுப்பாட்டை இறுக்கியது. பழைய மென்பொருள்கள் ஓடாமல் நின்றுவிடக் கூடாதே என்று மைக்ரோசாஃப்ட் ஓர் ஏற்பாடு செய்தது. பழைய மென்பொருள் ஒன்று புரோகிராம் ஃபைல்ஸில் எழுதப் போனால், விண்டோஸ் சத்தம் போடாமல் அந்தக் கோப்பை வாங்கி, பயனரின் இடத்தில் உள்ள 'விர்ச்சுவல்ஸ்டோர்' கோப்புறையில் வைத்துவிடும். மென்பொருளுக்கு இது தெரியவே தெரியாது!

சரி, பயனரின் இடம் எது? 'யூசர்ஸ்' கோப்புறைக்குள் உங்கள் பெயரில் ஒன்று இருக்கும். அதற்குள் 'ஆப்டேட்டா' என்று ஒன்று உண்டு. விண்டோஸ் அதை மறைத்தே வைத்திருக்கும். உள்ளே 'லோக்கல்', 'ரோமிங்' என்று பிரிவுகள். இந்த ஒரு கணினிக்கு மட்டும் வேண்டியவை லோக்கலில் இருக்கும். கல்லூரி, அலுவலகம் போன்ற இடங்களில், அதற்கான ஏற்பாடு இருந்தால், ரோமிங்கில் உள்ளவை நீங்கள் உட்காரும் கணினிக்கெல்லாம் உங்கள் பின்னாலேயே வரும்.

மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பின் கோப்புறை இந்த ரோமிங்குக்குள் இருக்கிறது. அதன் பெயருக்கு முன்னால் ஒரு புள்ளி இருப்பதைக் கவனியுங்கள். அந்தப் புள்ளிக்குப் பின்னால் நல்ல கதை ஒன்று இருக்கிறது.

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் யூனிக்ஸ் இயங்குதளம் உருவான காலம். அதில் ஒவ்வொரு கோப்புறைக்குள்ளும் ஒற்றைப் புள்ளி, இரட்டைப் புள்ளி என்று இரண்டு பெயர்கள் இருக்கும். முதலாவது அந்தக் கோப்புறையையே குறிக்கும், அடுத்தது அதற்கு மேலே உள்ளதை. பட்டியல் போடும்போதெல்லாம் இவை இரண்டும் வந்து தொல்லை கொடுத்தன. அவற்றைத் தவிர்க்க, பெயரின் முதல் எழுத்து புள்ளியா என்று மட்டும் பார்க்கும் சின்ன நிரலைச் சேர்த்தார்கள். விளைவு, புள்ளியில் தொடங்கும் எந்தப் பெயரும் பட்டியலில் தெரியாமல் போனது! இது திட்டமிட்டுச் செய்ததல்ல என்று அங்கே வேலை பார்த்த ராப் பைக் எழுதியிருக்கிறார். மென்பொருள் எழுதுவோர் இதைப் பிடித்துக்கொண்டு, தங்கள் அமைப்புக் கோப்புகளுக்கெல்லாம் புள்ளி வைத்துப் பெயரிட்டார்கள். யூனிக்ஸ் வழியில் வந்த லினக்ஸிலும் பயனரின் கோப்புறை இப்படிப் புள்ளிப் பெயர்களால் நிரம்பி வழிந்தது. பிறகு வந்த விதிமுறை, அமைப்புகளுக்கு '.கான்ஃபிக்', தற்காலிகக் கோப்புகளுக்கு '.கேச்' என்று இடம் பிரித்துக் கொடுத்தது. மேக் கணினியில் இவையெல்லாம் 'லைப்ரரி' என்ற கோப்புறைக்குள் இருக்கும்.

இப்படிப் பிரிப்பது மிக நல்ல பழக்கம். தற்காலிகக் கோப்பை அழித்தால் மென்பொருள் தானே மறுபடி உண்டாக்கிக்கொள்ளும். ஒலி அளவு, திரை வெளிச்சம் போன்ற அமைப்புகள் போனால் திரும்பச் சரிசெய்ய ஐந்து நிமிடம் ஆகும். நீங்கள் உருவாக்கிய ஒன்று போனால் போனதுதான். ஆகவே, பிள்ளைகள் கட்டியதையும் வரைந்ததையும் மென்பொருள்கள் மறைவான இடத்தில் வைக்காமல், கண்ணில் படும் 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையில் வைப்பதே சரி என்பேன். மறைந்திருக்கும் ஒன்றைப் படியெடுத்து வைக்க யாருக்குத் தோன்றும்?

கணினியை ஃபார்மட் செய்யக் கொடுக்கும்போது ஆபத்து இங்கேதான். கொடுப்பதற்கு முன் விளையாட்டை மூடிவிடுங்கள். திறந்திருக்கும்போது படியெடுத்தால் பாதி எழுதிய கோப்பு வந்துவிடலாம். விண்டோஸ் பொத்தானையும் ஆர் பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் ஆப்டேட்டா என்பதை ஆங்கிலத்தில், முன்னும் பின்னும் ஒரு சதவீதக் குறியுடன், இடைவெளி விடாமல் தட்டுங்கள். ரோமிங் திறக்கும். மைன்கிராஃப்ட் கோப்புறைக்குள் 'சேவ்ஸ்' இருக்கும். அதற்குள் உலகம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கோப்புறை. அதில் 'லெவல்.டேட்' என்ற சிறிய கோப்பும், நிலப்பரப்பைத் தாங்கும் 'ரீஜன்' கோப்புகளும் இருக்கும். நீளவாக்கில் 512, அகலவாக்கில் 512 கட்டங்கள் கொண்ட நிலம் ஒரே ரீஜன் கோப்புக்குள் அடங்கிவிடும். 'சேவ்ஸ்' கோப்புறையை முழுதாகப் பென்டிரைவில் படியெடுத்துக்கொள்ளுங்கள். ஃபார்மட் ஆன பிறகு விளையாட்டை நிறுவி, ஒருமுறை திறந்து மூடிவிட்டு, அதே இடத்தில் ஒட்டுங்கள்.