நெய்தல் நிலத்துக் கணினி

விளையாட்டுக் கணினி என்பது, வரையறுத்த காலத்துக்குள் ஒரு படத்தை வரைந்து முடித்தே ஆகவேண்டும் என்னும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட கணிப்பொறியாகும். கணக்கரின் கணினி சுணங்கினால் விடை பிந்தும். விளையாட்டுக் கணினி சுணங்கினாலோ விடையே பிழையாகும், ஏனெனில் ஆடுவோரின் கையசைவுக்கு உரிய படம் அவ்வசைவு கடந்தபின் வந்து சேர்ந்தால் எதற்கும் உதவாது. நொடிக்கு 60 படங்களைக் காட்டும் திரையில் ஒரு படத்துக்குக் கிடைக்கும் காலம் 16.7 மில்லிநொடி, 144 படங்களைக் காட்டும் திரையில் 6.9 மில்லிநொடி, 240 என்றால் 4.2 மில்லிநொடி. உறுப்புகளைத் தெரிந்தெடுக்கும் கலை முழுவதும் இந்தச் சிறு கால அளவிலிருந்தே கிளைக்கிறது.

அவ்வுறுப்புகளை மூவகையாகப் பகுக்கலாம். கணிப்பன, ஊட்டுவன, காப்பன. நடுவண் செயலகமும் வரைகலைச் செயலகமும் கணிப்பன. நினைவகம், சேமிப்பகம், மின்வழங்கி, இவற்றையெல்லாம் பிணைக்கும் தாய்ப்பலகை ஆகியவை ஊட்டுவன. கூடு, விசிறி, வெப்பம் களைவி, தூசு வடிகட்டி, மின்தடங்கல் காப்பி ஆகியவை காப்பன. வாங்குவோரின் ஆசையும் பெரும்பகுதிப் பணமும் முதல் வகையின் மேலேயே செல்கின்றன. குளிர்நாட்டுச் சோதனைக்கூடங்களில் எழுதப்படும் திறனாய்வுகளும் அவ்வகையையே விரித்துரைக்கின்றன. தமிழ்நாட்டு மாவட்டங்கள் மூன்று புறமும் சூழ, கிழக்கே வங்கக்கடல் விரிய, காவிரியின் கிளையான அரசலாறு கடல்புகும் காரைக்காலில் கணினி கட்டுவோர்க்கு அவ்வரிசை பொருந்தாது. இங்கே காற்றும் ஓர் உறுப்பு. அதை விலை கொடுத்து வாங்குவதில்லை என்பதற்காகக் கணக்கில் சேர்க்காமல் விடலாகாது.

முதலில் கணிப்பனவற்றைக் காண்போம். தேர்வு திரையிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிச் செல்லவேண்டும். 4கே எனப்படும் திரையில் கிடைவாக்கில் 3,840, நெடுவாக்கில் 2,160 என 82,94,400 படவணுக்கள் உள்ளன. அத்திரையை நொடிக்கு 144 முறை நிரப்ப வேண்டுமெனில் ஏறத்தாழ 119 கோடிப் படவணுக்களுக்கு ஒவ்வொரு நொடியும் நிறம் கணித்தாகவேண்டும். ஒவ்வொரு படவணுவின் கணக்கும் பெரும்பாலும் தன் அண்டையணுவின் விடைக்குக் காத்திராதது; ஆகவே ஆயிரக்கணக்கான எளிய கணிப்பகங்கள் ஒருங்கே உழைக்கலாம். வரைகலைச் செயலகத்தின் மெய்ப்பொருள் இதுவே. என்விடியா நிறுவனம் 2025 சனவரியில் விற்பனைக்கு விட்ட ஆர்டிஎக்சு 5090 என்னும் வரைகலை அட்டையில் இத்தகைய கணிப்பகங்கள் 21,760. அதன் தலைமைச் சில்லில் திரிதடையங்கள் 9,220 கோடி. அதனுடன் பிணைந்த 32 கிகாபைட்டு நினைவகம் நொடிக்கு 1,792 கிகாபைட்டுத் தரவைக் கைமாற்றும். இத்தனைக்கும் அது உண்ணும் மின்திறன் 575 வாட்டு.

நடுவண் செயலகத்தின் வேலை வேறு. உலகின் நிலை என்ன, பகைவன் எங்கே நிற்கிறான், எறிந்த கல் எதில் படும் என்பவற்றை அது ஒன்றன்பின் ஒன்றாக முடிவு செய்கிறது. ஒன்றின் விடை தெரியாமல் அடுத்ததைத் தொடங்க இயலாத கணக்குகள் அவை. ஆகவே இங்கே கணிப்பகங்களின் எண்ணிக்கையைக் காட்டிலும், தேவைப்படும் தரவு எவ்வளவு அண்மையில் இருக்கிறது என்பதே விரைவை முடிவு செய்கிறது. முதன்மை நினைவகத்திலிருந்து ஒரு தரவு வந்துசேர எழுபது எண்பது நானோநொடி ஆகும். செயலகத்துக்குள்ளேயே அமைந்த பதுக்கு நினைவகத்திலிருந்து பத்து நானோநொடி அளவில் வந்துவிடும். ஏஎம்டி நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட ரைசன் 7 9800எக்சு3டி எட்டே கணிப்பகங்கள் உடையதாயினும், 96 மெகாபைட்டு மூன்றாம் அடுக்குப் பதுக்கு நினைவகத்தின் வலிமையால் விளையாட்டில் பன்மடங்கு கணிப்பகமுடைய செயலகங்களுக்கும் முன்னே நிற்கிறது. இதற்கு முந்தைய தலைமுறையில் கணிப்பகச் சில்லின் மேல் அடுக்கிய பதுக்குச் சில்லை இதில் கீழே வைத்தனர். அதனால் வெப்பம் பிறக்கும் கணிப்பகங்கள் களைவிக்கு நெருக்கமாயின. அடுக்கை மாற்றியதே ஒரு வெப்பவியல் முடிவு என்பது நம் கருத்துக்கு உரியது.

நினைவகத்தையும் சேமிப்பகத்தையும் பற்றி நீளப் பேசத் தேவையில்லை. 32 கிகாபைட்டு டிடிஆர்5 நினைவகம் இரு பலகைகளாக, 6000 விரைவில், போதும். அதற்கு மேற்பட்ட விரைவுக்குக் கொடுக்கும் பணம் விளையாட்டில் திரும்பி வருவதில்லை. திண்மநிலைச் சேமிப்பகத்தில் நொடிக்கு 14 கிகாபைட்டுப் படிப்பதற்கும் 7 கிகாபைட்டுப் படிப்பதற்கும் உள்ள வேறுபாட்டை ஆடுவோர் கண்டறிவது அரிது. முன்னது கூடுதலாகச் சூடாகும் என்பதை எளிதில் கண்டறியலாம்.

இவ்விடத்தில் ஓர் ஒப்பீடு. காரைக்காலுக்கு மேற்கே, அதே காவிரிக் கரையில், திருச்சிராப்பள்ளித் தேசியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2022 மே 25 அன்று 'பரம் பொருள்' என்னும் மீக்கணினி இயங்கத் தொடங்கியது. அதன் திறன் 838 டெரா மிதவைக் கணக்கு. அதாவது நொடிக்கு 838 இலட்சம் கோடி. ஆர்டிஎக்சு 5090 ஏறத்தாழ 105 டெராக் கணக்கு ஆற்றும் என்பதைக் கண்டு, எட்டு அட்டை சேர்ந்தால் ஒரு மீக்கணினி எனச் சிலர் கூறிவிடுகின்றனர். எண்கள் ஒரே அலகில் இருப்பினும் பொருள் வேறு. மீக்கணினியின் எண் இரட்டைத் துல்லியக் கணக்குக்கு உரியது. விளையாட்டு அட்டையின் எண் ஒற்றைத் துல்லியத்துக்கு உரியது. இரட்டைத் துல்லியத்தில் அவ்வட்டையின் திறன் அறுபத்து நான்கில் ஒரு பங்காகச் சுருங்கி 1.6 டெரா அளவில் நின்றுவிடும். ஒரு படவணுவின் நிறத்துக்கு ஏழு இலக்கத் துல்லியம் மிகுதி. அறிவியல் கணக்குகள் பலவற்றுக்கு அது போதாது. எனினும் ஒன்றில் இரண்டும் உடன்பிறப்பு: இரண்டுக்கும் வெப்பத்தைக் களைந்தாகவேண்டும்; பரம் பொருளின் சில்லுகள் நேரடி நீர்மக் குளிர்விப்பால் வெப்பம் இழக்கின்றன.

வெப்பத்தின் அடிப்படை நெறி எளியது. கணினி உண்ணும் மின்னாற்றலில் ஏறக்குறைய முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. சில்லுக்கும் அறைக் காற்றுக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு, மின்திறனை வெப்பத்தடையால் பெருக்கிய அளவுக்கு நிகர். ஒரு வரைகலை அட்டையின் களைவி வாட்டுக்கு 0.09 பாகைத் தடை உடையது எனக் கொண்டால், 575 வாட்டில் அவ்வேறுபாடு 52 பாகை. அறை 22 பாகையாக இருக்கும் சோதனைக்கூடத்தில் சில்லு 74 பாகையில் அமைதியாக இயங்கும். சித்திரை வைகாசியில் குளிரூட்டாத காரைக்கால் அறை 36 பாகையாகும்போது அதே சில்லு 88 பாகையைத் தொட்டு, தன் வரம்பாகிய 90 பாகைக்கு அஞ்சி விரைவைக் குறைக்கத் தொடங்கும். அட்டையில் குறையில்லை, திறனாய்வைப் படிப்போர் 14 பாகையைக் கூட்டிப் படிக்கவில்லை, அவ்வளவே. அறையைக் குளிரூட்டினால் ஆயிற்று எனலாம். ஒரு டன் குளிரூட்டி களையும் வெப்பம் ஏறத்தாழ 3,500 வாட்டு. முழுமூச்சில் இயங்கி 850 வாட்டு உண்ணும் கணினி அதில் கால்பங்கைத் தானே விழுங்கிவிடும். நீர் ஆவியாவதால் குளிர்விக்கும் காற்றுக் கருவிகள் உள்நாட்டு வறண்ட ஊர்களுக்கு உரியவை. கடலோரத்தில் அவை ஈரத்தைச் சேர்ப்பதன்றி வேறு பயன் தரா.

ஈரத்தோடு உப்பும் சேரும்போதுதான் நெய்தல் நிலத்தின் தனிச்சிக்கல் தொடங்குகிறது. அலை உடையும்போது தெறிக்கும் நுண்துளிகள் காற்றில் உலர்ந்து உப்புத்துகளாகி மிதக்கின்றன. கரையிலிருந்து முதல் சில நூறு மீட்டருக்குள் அவற்றின் செறிவு விரைந்து குறைகிறது. ஆகவே கடற்கரைச் சாலையில் வாழ்வோர்க்கும் ஊர் நடுவே வாழ்வோர்க்கும் ஒரே தேர்வு ஆகாது. உலர்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது, மாழையையும் பெரிதாக அரிக்காது. காற்றின் ஒப்பீட்டு ஈரப்பதம் 75 விழுக்காட்டைக் கடக்கும்போது கறியுப்பின் படிகம் காற்றிலுள்ள நீரை ஈர்த்துத் தானே கரைந்து உவர்நீராகிறது; மழைநாளில் அடுக்களை உப்புச்சாடி நசநசப்பதும் இதே நிகழ்வு. அந்த உவர்நீர் தாய்ப்பலகையின் இரு மின்கம்பிகளுக்கு இடையே படர்ந்தால் கசிவு மின்னோட்டமும் அரிமானமும் ஒருங்கே தொடங்கும். காரைக்காலின் இரவுகள் ஆண்டின் பெரும்பகுதியில் அந்த வரம்பைக் கடப்பவை.

இதிலிருந்து எதிர்பாராத ஓர் உண்மை கிளைக்கிறது. 30 பாகையில் 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள காற்று கூட்டுக்குள் புகுந்து 40 பாகைக்குச் சூடேறினால், நீரின் அளவு மாறாமலே அதன் ஒப்பீட்டு ஈரப்பதம் 46 விழுக்காடாகக் குறைந்துவிடும். ஆகவே இயங்கும் கணினி தன் வெப்பத்தாலேயே தன்னை உலர்த்திக்கொள்கிறது; அணைந்து கிடக்கும் கணினியே கெடுகிறது. தேர்வுக்காலத்தில் பிள்ளைகளின் கணினியைத் திங்கள் கணக்கில் துணிபோர்த்தி மூடிவைக்கும் பெற்றோர், அதைக் காப்பதாக எண்ணிக் கேட்டுக்கு வழிவிடுகின்றனர். ஆயினும் இதை முழுக்காப்பாகக் கொள்ளவும் கூடாது. கடலுப்பில் மக்னீசியக் குளோரைடும் கலந்துள்ளது. அது 33 விழுக்காட்டிலேயே நீரை ஈர்க்கும். எனவே உப்பு உள்ளே புகாமல் தடுப்பதே முதற்கடமை. உள்ளிழுக்கும் விசிறிகளின் காற்று, வெளித்தள்ளும் விசிறிகளின் காற்றைவிடக் கூடுதலாக இருக்குமாறு அமைத்தால் கூட்டின் உள்ளழுத்தம் சற்று மிகும். காற்று வடிகட்டி வழியாக மட்டுமே நுழைந்து, இடுக்குகள் வழியாக வெளியேறும். நுண்வலை வடிகட்டியும், அதைக் கழற்றிக் கழுவும் வசதியும் கொண்ட கூட்டை, வண்ண விளக்குகள் மின்னும் கண்ணாடிக் கூட்டுக்கு மேலாக மதிக்கவேண்டும்.

குளிரூட்டிய அறையிலும் ஒரு கண்ணி உண்டு. 28 பாகையும் 85 விழுக்காடு ஈரப்பதமும் உடைய இரவுக் காற்றின் பனிபடுநிலை ஏறத்தாழ 25 பாகை. இரவெல்லாம் 22 பாகையில் குளிர்ந்த அணைந்த கணினியின்மீது, விடியலில் சாளரத்தைத் திறந்தவுடன் அக்காற்று படுமாயின், மாழைப் பரப்பெங்கும் பனித்துளி அரும்பும். சாளரத்தைத் திறக்குமுன் கணினியை இயக்கிவிட்டால் போதும்.

நீர்மக் குளிர்விப்பைத் தனியே கட்டுவோர் செம்புத் தொகுதியோடு அலுமினிய வெப்பமாற்றியை இணைக்கக்கூடாது; நீர்மத்தின் வழியே இரு மாழைகளும் மின்கலம்போல் இயங்கி அலுமினியம் கரைந்துபோகும். களைவியின் செம்புக் குழாய்கள் நிக்கல் பூசப்பட்டிருப்பதையும், நினைவகப் பலகையின் தொடுமுனைகள் பொன்பூச்சு உடையன என்பதையும் காரைக்காலில் வாங்குவோர் கண்ணால் கண்டறிந்தே ஏற்கவேண்டும்.

மின்னூட்டத்தில் இரு செய்திகள். 5090 அட்டைக்கு மின்சாரம் செல்லும் இணைப்பி 600 வாட்டை 12 வோல்ட்டில் கடத்தவல்லது. அதாவது 50 ஆம்பியர், ஆறு ஊசிகளில் ஊசிக்கு 8.3 ஆம்பியர். தொடுமுனையில் பிறக்கும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு நிகராக ஏறுவதால், ஒரு முனை அரிக்கப்பட்டு அதன் பங்கு மற்றொன்றின்மேல் விழுந்து இருமடங்கானால் அங்கே வெப்பம் நான்கு மடங்காகும். இணைப்பி முற்றும் உள்ளே அமர்ந்திருக்கிறதா என்பதை ஆண்டுக்கொரு முறையாவது நோக்குதல் தகும். அடுத்தது மின்தடங்கல். இப்போதைய மின்வழங்கிகள் மின்சாரம் அற்றபின் தம் மின்தேக்கிகளைக் கொண்டு 12 முதல் 17 மில்லிநொடி வரை தாக்குப்பிடிக்குமாறு வரையறுக்கப்பட்டுள்ளன. 50 சுழற்சி மின்சாரத்தின் ஒரே சுழற்சிக்கு 20 மில்லிநொடி. வீட்டு இன்வெர்ட்டர் மாறும் காலம் மின்வழங்கி தாக்குப்பிடிக்கும் காலத்தினும் நீளமானால், விளக்கு சிமிட்டுவதற்குள் கணினி அணைந்துவிடும். ஆகவே பத்து மில்லிநொடிக்குள் மாறும், சைன் அலை தரும் யுபிஎஸ் வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கசா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரணியத்துக்கும் இடையே கரைகடந்தபோது மின்கம்பங்கள் சாய்ந்த நாள்களைக் கண்டவர்க்கு இதை விளக்கவேண்டியதில்லை.  

இவற்றையெல்லாம் சீர்தூக்கினால், குளிரூட்டி இல்லாத அறையில் ஆடுவோர்க்கு 5090ஐ நான் பரிந்துரைக்கமாட்டேன். 360 வாட்டு உண்ணும் 5080 அட்டை போதும். அதற்கேற்ப 2,560க்கு 1,440 என்னும் திரையைத் தெரிந்தால் படவணுக்கள் 4கே திரையின் பாதிக்கும் கீழாகக் குறைந்து, அட்டையின் திறன் எஞ்சி நிற்கும். எஞ்சும் பணம் வடிகட்டியுள்ள கூட்டுக்கும் யுபிஎஸ்ஸுக்கும் உரியது.

வாங்கும் இடம் குறித்து ஒரு சொல். காரைக்கால் அடங்கிய ஒன்றியப் பகுதியாகிய புதுச்சேரியின் விற்பனை வரி வேறாக இருந்த காலத்தில் காரைக்காலில் வாங்கினால் மலிவு என்றொரு கணக்கு இருந்தது. 2017 சூலை 1 முதல் நாடெங்கும் ஒரே வரி வந்தபின் கணினி உறுப்புகளுக்கு அது செல்லாது. சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையவழி வாங்கினாலும் வரி ஒன்றே. வேறுபடுவது பழுதுநீக்கும் நிலையத்தின் தொலைவு. அரிமானத்தால் நேரும் கேட்டைப் பல நிறுவனங்கள் உறுதிக்காலத்துக்குள் ஏற்பதில்லை என்பதால், ஒரே விலையில் இரு அட்டைகள் இருப்பின், விசிறியை மட்டும் திருகாணி கழற்றி வீட்டிலேயே மாற்ற இயலும் அட்டையைத் தெரிக.