மொஸ்கோவின் கோப்புகளும் ஒரு கல்கத்தாப் பேராசிரியரும்

2020 மே 10 ஆம் திகதி, கொவிட் தொற்றினால் கொல்கத்தாவில் பேராசிரியர் ஹரி வாசுதேவன் காலமானார். அப்போது அவருக்கு வயது 68. தெற்காசியாவில் ரஷ்ய வரலாற்றையே தன் துறையாக எடுத்துக்கொண்ட மிகச் சிலரில் அவரும் ஒருவர். கேம்பிரிட்ஜில் படித்துவிட்டு 1978 இல் கல்கத்தா பல்கலைக்கழக வரலாற்றுத் துறையில் சேர்ந்தார். பிறகு மௌலானா ஆசாத் ஆசியவியல் நிறுவனத்தின் பணிப்பாளராகவும் இருந்தார். 15 ஆம் நூற்றாண்டில் ரஷ்யாவின் த்வேர் நகரிலிருந்து புறப்பட்டு இந்தியா வந்த வணிகர் அஃபனாசி நிகிதினின் வழித்தடத்தைத் தொடர்ந்து போய் ஒரு புத்தகமும் எழுதியிருக்கிறார்.

இந்தியாவில் பலருக்கு அவரை இன்னொரு விதத்தில் தெரியும். 2005 ஆம் ஆண்டின் பாடத்திட்ட மாற்றத்துக்குப் பிறகு வெளிவந்த என்சிஇஆர்டி சமூக விஞ்ஞானப் பாடநூல்களின் ஆலோசனைக் குழுவுக்கு அவரே தலைவர். அதில் ஒன்பதாம் வகுப்பு வரலாற்று நூலில் ரஷ்யப் புரட்சி பற்றி ஓர் அத்தியாயம் உண்டு. லெனினைச் சொல்லிவிட்டு அது நின்றுவிடவில்லை. கட்டாயக் கூட்டுப்பண்ணைகள், நாடுகடத்தல், தொழில் முகாம்கள் என்று ஸ்டாலின் காலத்தையும் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகளுக்குச் சொல்கிறது.

எங்களுக்கு வந்த ரஷ்யா வேறு. கொட்டாஞ்சேனையில் பழைய இடதுசாரி ஐயாமாரின் வீடுகளுக்குப் போனால், மொஸ்கோ முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழில் அச்சிட்ட கனத்த அட்டைப் புத்தகங்களை இன்றைக்கும் அலுமாரியில் காணலாம். தாளும் படங்களும் அருமை, விலையோ மலிவு. அவற்றைப் படித்து வளர்ந்த ஒரு தலைமுறை மீது எனக்குப் பொறாமைகூட உண்டு. ஆனால் சுட்டுக்கொல்லப்பட்டவர்களின் பட்டியல் அந்தப் புத்தகங்களில் இருக்கவில்லை.

1991 இல் சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகுதான் மொஸ்கோவின் சுவடிக்கூடங்கள் வெளியாட்களுக்கு ஓரளவு திறந்தன. அந்த இடைவெளியில் பூரபி ராய், சோபன்லால் தத்த குப்தா ஆகியோருடன் சேர்ந்து வாசுதேவன் செய்த வேலையைத்தான் நான் அவருடைய முக்கியமான பங்களிப்பாகக் கருதுகிறேன். 1917 முதல் 1947 வரையான இந்திய ரஷ்ய உறவுகள் தொடர்பாக ரஷ்ய சுவடிக்கூடங்களில் கிடந்த ஆவணங்களை அவர்கள் தேர்ந்தெடுத்துத் தொகுத்தார்கள். கல்கத்தா ஆசியச் சங்கம் அவற்றை வெளியிட்டது. பேசுவதற்குக் கவர்ச்சியான வேலை இல்லை இது. ஆனாலும் அடுத்து வருகிற எல்லோரும் இப்படியான வேலையின் மேல்தான் நிற்கவேண்டியிருக்கிறது.

அந்தக் காலப்பகுதியில் தமிழரும் இருக்கிறார்கள். 1920 ஒக்டோபர் 17 இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியை அமைத்தவர்களில் சென்னையைச் சேர்ந்த எம். பி. டி. ஆச்சார்யா ஒருவர். பாரதியாரோடு 'இந்தியா' பத்திரிகையில் வேலை செய்தவர். கட்சியோடு முரண்பட்டு 1922 இல் ரஷ்யாவை விட்டு பெர்லின் போனார். பின்னர் பம்பாய் திரும்பி, அங்கேயே 1954 இல் இறந்தார். தாஷ்கண்டில் அவருடன் இருந்த அபானி முகர்ஜி ரஷ்யாவிலேயே தங்கினார். 1937 ஒக்டோபரில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள்.

அதே வருடம் இன்னொருவர். கவிக்குயில் சரோஜினி நாயுடுவின் தம்பி வீரேந்திரநாத் சட்டோபாத்யாய. லெனின்கிராட்டில் இனவியல் நிறுவனமொன்றில் ஆய்வாளராக இருந்தவர். ஜூலையில் கைதுசெய்யப்பட்டார், செப்டெம்பர் 2 ஆம் திகதி கொல்லப்பட்டார். அக்கா 1949 வரை உயிரோடிருந்தார். ஓர் இந்திய மாநிலத்தின் ஆளுநராகக்கூட இருந்தார். அவருடைய காலத்தில் அந்தக் கோப்பு திறக்கவேயில்லை.

இப்படிக் கொல்லப்பட்டவர்களின் குடும்பங்களுக்குச் சோவியத் அதிகாரிகள் சொன்ன பதில் ஒன்று உண்டு: "பத்து வருடச் சிறை, கடிதம் எழுதும் உரிமை இல்லை." ஆள் ஏற்கனவே புதைக்கப்பட்டிருப்பார். பத்து வருடம் கழிந்து மனைவிமார் திரும்பவும் வந்து கேட்டார்கள். ஸ்டாலின் இறந்த பின், 1955 இல், கேஜிபி ஓர் இரகசிய உத்தரவு போட்டது. அதன்படி, முகாமில் நோயால் இறந்தார் என்று பொய்க் காரணமும் பொய்த் திகதியும் எழுதி மரணச் சான்றிதழ் கொடுத்தார்கள். 1937 இல் சுடப்பட்டவர் 1943 இல் இருதய நோயால் இறந்ததாகக் கடதாசி சொல்லும். உண்மையான திகதியையும் உண்மையான காரணத்தையும் சேர்த்தே எழுதிக் கொடுக்கத் தொடங்கியது 1989 இல்தான்.

இதைக் கொட்டாஞ்சேனையில் ஓர் அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருடைய மகனை 2008 இல் வெள்ளை வானில் கொண்டுபோனார்கள். காணாமல் ஆக்கப்பட்டவர்கள் உண்மையில் இறந்துவிட்டார்கள், மரணச் சான்றிதழ் வழங்கலாம் என்று 2020 ஜனவரியில் அன்றைய ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ச ஐநா அதிகாரியிடம் சொன்னதை அவர் மறக்கவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: "அப்ப பிள்ளை, அந்தக் கடதாசியில திகதியை ஆர் போடுறது?"

ரஷ்யக் கதையில் கவனிக்க வேண்டியது, கொன்றவர்களே எழுதி வைத்திருந்தார்கள் என்பது. 1997 இல் கரேலியாவின் சந்தர்மோக் காட்டில் ஆயிரக்கணக்கானோரின் புதைகுழிகளை யூரி திமித்ரியெவும் மெமோரியல் அமைப்பைச் சேர்ந்த இருவரும் கண்டுபிடித்தார்கள். சுட்ட அதிகாரி மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கைகளும் பின்னர் அவர் விசாரணையில் கொடுத்த வாக்குமூலமும் அவர்களுக்கு வழிகாட்டின. வன்முறை செய்கிற அரசு கடதாசி இல்லாமல் இயங்குவதில்லை. எங்களுக்கும் இது தெரிந்த விசயம்தான். வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை லொட்ஜுகளில் தங்க பொலிஸ் பதிவுத் துண்டு வேண்டியிருந்த காலத்தை இங்கே யாரும் மறந்திருக்கமாட்டார்கள். 2007 ஜூன் 7 இல் அந்த லொட்ஜுகளிலிருந்து 376 பேரைப் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பியபோதும் ஆட்களைப் பதிந்துதான் ஏற்றினார்கள். உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. ஒரு வரலாற்றாசிரியருக்கு அந்தத் துண்டுகளும் பதிவேடுகளும் ஆவணங்கள்தான். வீட்டில் பழைய பதிவுத் துண்டோ, செஞ்சிலுவைச் சங்க அட்டையோ, பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோ இருந்தால் எறியவேண்டாம். ஈரம் படாமல் வைத்து, ஒரு படமும் எடுத்து வெளிநாட்டில் உள்ள உறவினருக்கு அனுப்பிவிடுங்கள்.

ரஷ்யாவில் அந்தக் கதவுகள் இப்போது ஒவ்வொன்றாக மூடப்படுகின்றன. திமித்ரியெவ் 2016 இல் கைதானார். மனித உரிமை அமைப்புகள் சோடிக்கப்பட்டவை என்று சொல்லும் குற்றச்சாட்டுகளில் அவருடைய தண்டனை 15 வருடமாக உயர்த்தப்பட்டது. ஏறத்தாழ 30 இலட்சம் பேரின் பெயர்களைத் திரட்டிய மெமோரியலைக் கலைக்க 2021 டிசெம்பரில் ரஷ்ய உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த வருடம் அதற்கு நோபல் சமாதானப் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. வாசுதேவனும் மற்ற இருவரும் படியெடுத்து வந்த ஆவணங்கள் கல்கத்தாவில் அச்சானவை. மொஸ்கோவில் யார் எதைப் பூட்டினாலும் அவை நூலகங்களில் இருக்கின்றன.