சூளைக்குள் ஓடும் ஐவர்

ஐந்து பேர் ஓடுகிறார்கள். தொடை புடைக்க, கையை வீசி வீசி, அப்படியொரு ஓட்டம்! ஓடுவது ஒரு ஜாடியின் மேல், கறுப்பு உருவங்களாக. கி.மு. 530 வாக்கில் ஏதென்ஸில் செய்த பரிசு ஜாடி அது. இப்போது நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கையைப் பார்த்தே பந்தயத்தைச் சொல்லிவிடலாம் தெரியுமா? கை விரிந்து பறந்தால் குறுந்தூரம். முழங்கை மடங்கி விலாவோடு ஒட்டியிருந்தால் நெடுந்தூரம்.

வாருங்கள், பின்கட்டு வழியாகச் சூளைக்குள் எட்டிப் பார்ப்போம். கூத்தே அங்கேதான்!

அந்த வீரர்களின் கறுப்புக்குத் தனிச் சாயம் கிடையாது. பானையும் களிமண், படமும் களிமண்! மண்ணைக் கரைத்து, தெளியவைத்து, நைசான குழம்பை மட்டும் எடுத்து உருவம் தீட்டுகிறார்கள். கூர்முனையால் கீறித் தசையையும் முழங்காலையும் கொண்டுவருகிறார்கள். பிறகு தீ. முதலில் காற்றோட்டமாக எரிக்க, எல்லாம் சிவப்பு. அடுத்து காற்றுவழியை அடைத்துப் பச்சை விறகைத் திணிக்க, புகை மண்டி எல்லாம் கறுப்பு. ஐயோ, ஓடினவர்களையே காணோம்! பதறாதீர்கள். மறுபடி காற்றைத் திறந்துவிட்டால் பானை சிவப்புக்குத் திரும்பும். சூட்டில் இறுகிப்போன குழம்புக்குள் காற்று நுழையாது. அது கறுப்பாகவே நின்றுவிடும். ஐவரும் மறுபடி களத்தில்!

இப்படிப்பட்ட பரிசு ஜாடிகளில் ஆலிவ் எண்ணெய் நிரப்பிக் கொடுப்பார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டு ஒன்றின்படி, சிறுவர் ஓட்டத்தில் முதலாவது வந்தவனுக்கு 50 ஜாடி. ஒவ்வொன்றும் 40 லிட்டருக்குச் சற்றே குறைவு. ஒரு பையன் அத்தனை எண்ணெயை எங்கே கொண்டுபோய் வைத்தானோ!

இந்தக் காற்று, புகை வித்தை நம் பக்கத்துக்கும் பழகியதுதான். வத்தல்மலையைச் சுற்றியுள்ள தருமபுரி மண்ணின் பெருங்கற்கால ஈமச்சின்னங்களில் கறுப்பு-சிவப்புப் பானைகள் கிடைக்கின்றன. கவிழ்த்துச் சுட்டதால் காற்றுப்படாத உள்பக்கமும் விளிம்பும் கறுத்தன, வெளிப்பக்கம் சிவந்தது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். அந்தப் பானையில் ஒரு மாடுபிடி வீரன் இருந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று மனசு அடித்துக்கொள்கிறது.

அவனைப் பார்க்கச் சேலம் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டும். அங்கே கருவந்துறை நடுகல்லில் ஒருவன் காளையோடு பொருதுகிறான். எருது விளையாடி உயிர்விட்ட சங்கன் அவன். கல் எடுத்தது யார் என்பதும் அதிலேயே வெட்டியிருக்கிறது: அவன் மகன்.