பூவேலை இருந்தது, வாய் இல்லை!

தபால் பெட்டிக்கு அழகு வேண்டுமா? வேண்டும்தான். ஆனால், அழகு மட்டும் போதாது.

இங்கிலாந்தில் 1856-ம் ஆண்டு வாக்கில், தெருவில் வைக்க ஒரு தபால் பெட்டிக்குப் படம் வரைந்தார்கள். பூத்தொங்கல், வேலைப்பாடு என்று ஏகப்பட்ட அலங்காரம். எல்லாம் இருந்தது. கடிதம் போட வாயைத்தான் காணோம்! பிறகுதான் வாய் வைத்தார்கள்.

அறுகோணப் பெட்டி

1866-ல் பென்போல்டு என்ற கட்டடக் கலைஞர் அறுகோணப் பெட்டி அமைத்தார். தலையில் இலை வேலைப்பாடு, உச்சியில் மொட்டு. அழகும் இருந்தது, வாயும் இருந்தது. அந்த வகைப் பெட்டிகள் இந்தியாவுக்கும் வந்தன.

அடுக்குமாடியில்...

அவை தெருப் பெட்டிகள். வீட்டுப் பெட்டிக்கும் இதே பாடம்தான்.

ஏரியூர் போன்ற ஊரில் பெயரைச் சொன்னாலே வீட்டைக் காட்டிவிடுவார்கள். பட்டணத்து அடுக்குமாடியில் அப்படியா? பல வீட்டுக்கு ஒரே வாசல். பெட்டியில் உள்ள எண்தான் தபால்காரருக்கு வழிகாட்டி.

ஆகவே, பெட்டியில் மயில் வரைவதோ, தாமரை வரைவதோ உங்கள் விருப்பம். ஆனால் கதவு எண்ணைப் பூங்கொடி மறைக்கக் கூடாது. பெரிய உறையும் மடங்காமல் நுழைய வேண்டும். வாய்க்கு மேல் மழை மறைப்பு வேண்டும். பூட்டு கட்டாயம்.

வேலைக்கு அழைப்பு வரலாம். கல்யாணப் பத்திரிகை வரலாம். அது நனைந்துவிட்டாலோ, அடுத்த வீட்டுப் பெட்டிக்குப் போய்விட்டாலோ, மயில் தோகை விரித்து என்ன பயன்?