கரையேற்றுவதோடு கடமை முடிவதில்லை

திருத்தங்கல், சிவகாசி வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் ஸ்டிரான்சியம் உப்பைக் கலந்து, வானில் சிவப்பு நட்சத்திரங்களை மலரச் செய்யும் கைகள் உங்கள் இல்லத்திலும் இருக்கலாம். பண்டிகை நாளில் அந்தச் சிவப்பைக் கண்டு குழந்தைகள் கைகொட்டி மகிழ்கின்றனர். நடுக்கடலில் அதே சிவப்பு ஒளி எழுமாயின் அதன் பொருள் வேறு. ஆபத்தில் சிக்கியோர் அபயம் கேட்கின்றனர் என்பதே அது. 1972ஆம் ஆண்டில் உலக நாடுகள் வகுத்த கடல் மோதல் தவிர்ப்பு விதிகள் அதனை அபாய அறிகுறிகளுள் ஒன்றாக வைத்துள்ளன. நாடு துறந்து ஓடிவரும் ஏழையின் படகில் அத்தகைய ஒளிவாணம் பெரும்பாலும் இருப்பதில்லை. அவ்விதிகள் கூறும் இன்னோர் அறிகுறி, இரு கரங்களையும் நீட்டி மெல்ல உயர்த்தித் தாழ்த்துவதாகும். ஏழைக்கு எஞ்சுவது அந்தக் கரங்களே.

“கடல் எங்கோ இருக்கிறது, நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு?” என்று எண்ணிவிடாதீர்கள். ஆனைக்குட்டம், செவலூர், குல்லூர்சந்தை ஆகிய ஊர்களின் பெயர்கள் நீங்கள் அறிந்தவை. அங்குள்ள முகாம்களில் வாழ்வோர், 1983ஆம் ஆண்டு இனக் கலவரத்திற்குப் பின் அலை அலையாய்ப் பாக் நீரிணையைக் கடந்து வந்த இலங்கைத் தமிழரும் அவர்தம் மக்களுமே. கடலில் காப்பாற்றப்பட்டோரின் அடுத்த வாழ்க்கை உங்கள் ஊருக்கு அருகிலேயே நடைபெறுகிறது.

உயிர் காத்தலுக்கு இஸ்லாம் அளிக்கும் இடம் எத்தகையது? ஓர் உயிரை வாழவைத்தவரை மனித இனம் முழுவதையும் வாழவைத்தவருக்கு ஒப்பாக வைக்கிறது திருமறையின் அல்மாயிதா அத்தியாயம். தொழுகையில் நிற்பவரின் கண்ணெதிரே ஒருவர் நீரில் மூழ்குவாராயின், தொழுகையை முறித்துக்கொண்டு அவரைக் காப்பது கடமை என்பது மார்க்கச் சட்ட அறிஞர்களின் தீர்ப்பு. விட்ட தொழுகையை மீண்டும் தொழலாம். போன உயிரை மீட்க இயலாது. அங்கிருப்போரில் ஒருவர் காப்பாற்றிவிட்டால் மற்றவர் பொறுப்பு நீங்கும். எவருமே முன்வராவிடில், ஆற்றல் இருந்தும் வாளாவிருந்த அனைவரும் குற்றவாளிகளாவர்.

இனிப் பாக் நீரிணையை நோக்குங்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே மணல் திட்டுகள் வரிசையாக உள்ளன. பெரும் பணம் பெற்றுக்கொண்டு அழைத்து வரும் படகோட்டிகளில் சிலர், மக்களை இருளில் ஏதேனும் ஒரு திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிடுகின்றனர். விடிந்த பின்னரே, நாற்புறமும் நீர் சூழ்ந்திருப்பதை அவர்கள் காண்கின்றனர். 2022ஆம் ஆண்டு மார்ச் 22ஆம் நாள், இலங்கையின் பொருளாதார நெருக்கடியால் புறப்பட்டு வந்த ஆறு பேர் அரிச்சல்முனைக்கு அப்பாலுள்ள திட்டொன்றில் இவ்வாறு தவித்தனர். அவர்களுள் ஒருவர் நான்கு மாதக் கைக்குழந்தை! இந்தியக் கடலோரக் காவல் படையினர் அவர்களை மீட்டுக் கரை சேர்த்தனர்.

அவ்வாண்டு ஜூன் மாத இறுதியில் முதிய தம்பதியர் இருவர் தனுஷ்கோடிக் கரையில் மயங்கிக் கிடக்கக் காணப்பட்டனர். அவர்கள் கடலைக் கடந்துவிட்டனர். எனினும் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட அம்மூதாட்டி சில நாட்களில் உயிர் நீத்தார். கரையைத் தொட்டவர் எல்லாம் காப்பாற்றப்பட்டவர் ஆகிவிடுவதில்லை என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

இதனை உலகச் சட்டமும் உணர்ந்துள்ளது. 1979ஆம் ஆண்டு ஹாம்பர்க் நகரில் உருவாகிப் பின்னர் திருத்தப்பட்ட கடல்சார் தேடுதல், மீட்பு உடன்படிக்கை, மீட்பு என்பதற்கு மூன்று படிகள் வகுக்கிறது. ஆபத்தினின்று எடுத்தல், மருத்துவம் முதலான உடனடித் தேவைகளை நிறைவேற்றுதல், பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பித்தல் என்பனவே அவை. ஆபத்தில் இருப்பவர் எந்நாட்டவர், எந்நிலையினர் என்று பார்த்து இக்கடமையை மறுத்தல் ஆகாது.

திருமறையின் தவ்பா அத்தியாயத்து ஆறாவது வசனத்தைச் சிந்தியுங்கள். உடன்படிக்கையை முறித்த எதிரிகளுடன் போர் மூண்டிருந்த நேரம் அது. அந்நிலையிலும், இணை வைப்போரில் ஒருவர் அடைக்கலம் தேடி வந்தால் அபயம் அளித்து, இறைமொழியைக் கேட்கச் செய்து, பின்னர் அவருக்குப் பாதுகாப்பான இடத்தில் சேர்ப்பிக்குமாறு அவ்வசனம் பணிக்கிறது. அந்த இடத்தை அது ‘மஃமன்’ என்று குறிக்கிறது. அச்சமின்றி வாழத்தக்க இடம் என்பது அதன் பொருள். அடைக்கலத்தின் இறுதிப் படியை இறைமறை அன்றே சுட்டிவிட்டது.

நம் முன்னோரும் கடல் கடந்து அடைக்கலம் தேடியவர்களே! கி.பி. 615ஆம் ஆண்டில் மக்கத்துக் குறைஷியரின் கொடுமை தாளாத சிறு குழுவினர் செங்கடலைக் கடந்து ஹபஷா நாட்டை அடைந்தனர். பின்னர் மேலும் பலர் சென்றனர். அவர்களைத் திருப்பி அனுப்புமாறு குறைஷியர் பரிசுப் பொருட்களுடன் தூதர்களை ஏவினர். மன்னர் நஜ்ஜாஷி அகதிகளின் தரப்பையும் கேட்டார். ஜஅஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) எடுத்துரைத்தார். பரிசுகளைத் திருப்பிய மன்னர், மக்களைத் திருப்பவில்லை.

ஹிஜ்ரி 7ஆம் ஆண்டில் அம்மக்கள் கப்பலேறி மதீனா வந்தடைந்தனர். ஹிஜ்ரத்தில் தாங்களே முந்தியவர்கள் என்று உமர் (ரலி) கூறியது, அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) அம்மையாரின் உள்ளத்தைப் புண்படுத்தியது. அவர் நாயகத்திடம் முறையிட்டார். மற்றவர்க்கு ஒரு ஹிஜ்ரத்தின் நற்பேறு, கப்பலில் வந்தோர்க்கு இரண்டு ஹிஜ்ரத்தின் நற்பேறு என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அறிவித்தார்கள். படகில் வந்தவர் என்பது நம் வரலாற்றில் இழிசொல் அன்று, பெருமைப் பட்டம்.

அந்த நஜ்ஜாஷியின் பண்பு பிற்காலத்திலும் வெளிப்பட்டுள்ளது. 1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து அருகே, மூடுபனியில் மிதந்த இரண்டு உயிர்காப்புப் படகுகளில் 155 ஈழத் தமிழர் நெருக்கியடித்து அமர்ந்திருந்தனர். கஸ் டால்டன் என்னும் மீனவர் அவர்களைக் கண்டு, தம் படகில் ஏற்றத் தொடங்கினார். பிற மீனவரும் துணை நின்றனர். கனடா அரசும் அவர்கள் தங்கி உழைக்க அனுமதி வழங்கியது.

2024ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், மியான்மரின் ரோஹிங்கியா முஸ்லிம்கள் நூற்றுக்கும் மேற்பட்டோரைச் சுமந்து தத்தளித்த படகொன்று முல்லைத்தீவின் முள்ளிவாய்க்கால் கரையோரம் ஒதுங்கியது. 2009ஆம் ஆண்டுப் போரின் இறுதி நாட்களில் பேரழிவைக் கண்ட கரை அது. அங்குள்ள தமிழ் மக்கள் உணவும் நீரும் கொண்டு விரைந்தனர். சமயமும் மொழியும் வேறானவர்க்கு அவர்கள் செய்த உதவியை நாம் மறக்கலாமா?

ஆகவே, நம் வட்டாரத்து முகாம்களை எண்ணிப் பாருங்கள். 2021ஆம் ஆண்டில் தமிழக அரசு ‘அகதிகள் முகாம்’ என்ற பெயரை ‘மறுவாழ்வு முகாம்’ என மாற்றியது. ஆயினும் அங்கே பிறந்து வளர்ந்தோரிலும் பலர் இந்தியக் குடியுரிமையின்றி வாழ்கின்றனர். சட்டத்தை மாற்றுவது அரசின் பொறுப்பு. அம்மக்களை அச்சமின்றி வாழச் செய்வதில் நமக்கும் பங்குண்டு. அங்கிருந்து வேலைக்கு வருபவரின் கூலியைக் குறைக்காதீர்கள். உங்கள் பிள்ளையின் வகுப்பில் பயிலும் முகாம் மாணவனைப் பெயர் சொல்லி அழைக்கக் கற்றுக்கொடுங்கள். ஸகாத்துக்குரிய எட்டு வகையினருள் வழிப்போக்கரை இறைவன் சேர்த்துள்ளான். ஸதகாவுக்கோ சமய எல்லையும் கிடையாது.

கடலில் நீந்திச் சென்று காப்பாற்றும் பேறு எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. கரையேறி வந்தவருக்கு அச்சமற்ற அண்டை வீட்டாராய் வாழும் பேறு திருத்தங்கலில் இருப்பவருக்கும் வாய்த்திருக்கிறது. அதனை நிறைவேற்ற வல்ல நாயன் நம் அனைவருக்கும் நல்லருள் புரிவானாக! ஆமீன்.