காட்டிக் கொடுத்த டைரி

நாம் ஓட்டுப் போட்டு அனுப்பிய பிரதிநிதி பெண்களிடம் தவறாக நடந்தால் யார் கேட்பது? அடுத்த தேர்தல் வரை பொறுத்திருக்க வேண்டியதுதானா? அமெரிக்காவில் நடந்ததைப் பார்ப்போம்.

அங்கே பாராளுமன்ற மேல்சபைக்கு செனட் என்று பெயர். மாநிலத்துக்கு இரண்டு பேர், மொத்தம் 100 பேர். ஓரிகன் மாநிலத்தில் 1968-ல் ஜெயித்து அங்கே போனவர் பாப் பேக்வுட். சாதாரண ஆள் இல்லைங்க. வரி விஷயங்களைப் பார்க்கும் நிதிக் குழுவுக்கே தலைவராக இருந்தவர். பெண்களுக்கு வேண்டியவர் என்றும் பெயர். கருக்கலைப்பு உரிமைக்காக 1970-லேயே மசோதா கொண்டுவந்தார். தன் அலுவலகத்தில் பெண்களுக்குப் பெரிய பொறுப்புகள் கொடுத்தார். பெண்கள் அமைப்புகள் அவரை நம்பின.

1992 நவம்பரில் ஐந்தாவது முறையாக ஜெயித்தார். மூன்று வாரம்கூட ஆகவில்லை. வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகையில் செய்தி வந்தது. அவரிடம் வேலை பார்த்தவர்கள், அரசியல் வேலையாகப் போனவர்கள் என்று பத்துப் பெண்கள் பேசியிருந்தார்கள். பிடித்து இழுத்தார், வேண்டாம் என்றும் முத்தமிட்டார் என்றார்கள்.

"இத்தனை வருஷம் ஏன் சும்மா இருந்தாங்க?" என்று கேட்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. சம்பளம் கொடுப்பவரே அவர் என்றால் யாரிடம் போய்ச் சொல்வது? வேலை செய்யும் இடத்தில் பாரபட்சம் கூடாது என்ற 1964-ம் வருஷச் சட்டம்கூட செனட் ஊழியர்களுக்கு வெகுகாலம் பொருந்தவில்லை. சட்டம் போட்டவர்களே தங்களுக்கு விலக்கு வைத்துக்கொண்டார்கள்!

புகார் செனட்டின் ஒழுங்குக் குழுவுக்குப் போனது. இரண்டு கட்சியிலும் மும்மூன்று பேர் அதில் உறுப்பினர்கள். பேக்வுட் 1969 முதல் டைரி வைத்திருந்தார். எட்டாயிரம் பக்கத்துக்கு மேல்! தன் வாயால் சொல்லி டேப்பில் பதிவு செய்வார், உதவியாளர் டைப் அடிப்பார். குழு அதைக் கேட்டது. அவர் தர மறுத்தார். 1993 நவம்பரில் செனட்டே ஓட்டெடுத்தது. கொடுத்தாக வேண்டும் என்று 94 பேர், வேண்டாம் என்று 6 பேர். கோர்ட்டுக்குப் போயும் பலிக்கவில்லை.

இதற்கிடையில் அவர் டைரியில் சில இடங்களை மாற்றியிருந்தது வெளியே வந்தது. தீர்மான நோட்டில் பக்கத்தைக் கிழித்து வேறு எழுதி ஒட்டினால் நமக்குத் தெரியாமல் போகுமா? அது தனிக் குற்றமாகச் சேர்ந்தது. இன்னொன்றும் உண்டு. பிரிந்து போகும் மனைவிக்கு வேலை கொடுங்கள் என்று, தன்னிடம் காரியம் ஆக வேண்டியவர்களைக் கேட்டிருக்கிறார். ஜீவனாம்சம் குறையுமே!

பெண்களைப் பகிரங்கமாக விசாரிக்க வேண்டும் என்று செனட்டர் பார்பரா பாக்ஸர் 1995 ஆகஸ்டில் கேட்டார். 52-க்கு 48 என்று தோற்றுப்போனது. என்னைக் கேட்டால் அது செனட்டுக்கு வெட்கம்தான்.

ஆனால் செப்டம்பர் 6-ம் தேதி, ஆறு பேரும் ஒரே முடிவாக அவரை வெளியேற்றச் சொன்னார்கள். அவருடைய சொந்தக் கட்சிக்காரர்களும் அதில் சேர்த்தி. பதினேழு பெண்கள், பதினெட்டுச் சம்பவங்கள் என்று குழு கணக்கு வைத்திருந்தது. 1862-க்குப் பிறகு செனட் யாரையும் வெளியேற்றியதில்லை. வெளியேற்ற மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும். அந்த ஓட்டெடுப்பு வரும்வரை பேக்வுட் காத்திருக்கவில்லை. மறுநாளே ராஜினாமாவை அறிவித்தார்.

1996 ஜனவரியில் ஓரிகன் மக்கள் தபால் ஓட்டிலேயே வேறொருவரைத் தேர்ந்தெடுத்தார்கள். பேக்வுட் கம்பெனிகளுக்காக அரசியல்வாதிகளிடம் பேசித்தரும் தொழிலை ஆரம்பித்தார்.