பூச்சி தின்னும் "பேய்க் கூடை"! லைசென்ஸ் இல்லாமல் வளர்த்தால் ஜெயில்!

கொலை செய்தவனைப் போலீஸ் பிடிக்கும். ஆனால் தினமும் கொலை செய்கிற ஒரு செடிக்கு அரசாங்கமே காவல் நிற்கிறது. அதைப் பிடுங்குகிற ஆசாமிதான் கம்பி எண்ண வேண்டும்!

மேகாலயாவில் கேரோ, காசி, ஜெயந்தியா மலைகளில் வளரும் குடுவைச் செடிதான் அது. விஞ்ஞானப் பெயர் நெப்பந்தஸ் காசியானா. இந்தியாவில் இயற்கையாக வளரும் நெப்பந்தஸ் இது ஒன்றுதான். கேரோ மக்கள் "மேமாங் கோக்சி" என்பார்கள். பேயின் கூடை என்று அர்த்தம்.

தேன் காட்டி மோசடி

இலை நுனி கொடி போல நீண்டு, முனையில் குடுவை தொங்கும். விளிம்பில் தேன் ஊறும். ஆசைப்பட்டு வரும் எறும்பு, ஈக்குக் கால் வழுக்கும். உள்சுவரோ மெழுகு பூசின மாதிரி. ஏற முடியாது. அடியில் உள்ள திரவத்தில் விழுந்தால் அவ்வளவுதான், செரித்துவிடும்!

மூடி "டப்" என்று மூடிக்கொள்ளும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தப்பு. திறந்த மூடி அசையாது. மழைக்குக் குடை, அவ்வளவே. மண்ணில் தழைச்சத்து குறைவு என்பதால்தான் செடிக்கு இந்தப் பிழைப்பு.

விதை போட்டால்...

ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. இரண்டும் ஒரே சமயம் பூத்தால்தான் விதை கிடைக்கும். விதை நூல் துணுக்கு மாதிரி இருக்கும். ஊதினால் பறந்துவிடும். மாதக்கணக்கில் வைத்திருந்தால் முளைக்கும் சக்தி போய்விடும்.

ஈரமான ஸ்பாக்னம் பாசி மேல் தூவ வேண்டும். மேலே மண் போடக் கூடாது. வெளிச்சம் பட வேண்டும். ஈரம் போகாமல் கண்ணாடி மூடி வேண்டும். மழைத் தண்ணி நல்லது. உப்புத் தண்ணி ஆகாது. வேருக்கு உரம் வைத்தால் செடி கருகும். முளை தெரிய ஒன்றிரண்டு மாதம்கூட ஆகலாம். நடுவில் பூஞ்சணம் பிடித்தால் எல்லாம் போச்சு.

முளைத்துவிட்டால் வேடிக்கைதான். இரண்டு விதையிலைக்கு அடுத்த இலையிலேயே குண்டூசித் தலை அளவு குடுவை வந்துவிடும்! ஆனால் பெரிய செடியாகப் பல வருஷம் ஆகும்.

வேரோடு கடத்தல்

இவ்வளவு காத்திருக்க யாருக்குப் பொறுமை? காட்டில் போய் வேரோடு தோண்டி விற்றார்கள். நிலக்கரிச் சுரங்கமும் காடு அழிப்பும் சேர்ந்துகொள்ள, செடி இன்று அழிவு அபாயப் பட்டியலில் இருக்கிறது.

இதைக் காக்கவே 1984-ல் தெற்கு கேரோ மலையில் பாக்மாரா சரணாலயம் வந்தது. பரப்பு ஏறத்தாழ 2.7 ஹெக்டேர்தான்.

1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப் பட்டியலிலும் இந்தச் செடி உண்டு. அனுமதியில்லாமல் காட்டில் பிடுங்கினாலோ விற்றாலோ குற்றம். வீட்டுத் தொட்டியில் வளர்க்கவும் வன அதிகாரியின் லைசென்ஸ் வேண்டும். மீறினால் 3 வருஷம் வரை சிறை கிடைக்கலாம்.

நர்சரிகளில் விற்கிற குடுவைச் செடிகளில் பல வெளிநாட்டுக் கலப்பினம். ஆனால் யாராவது "மேகாலயா காட்டிலிருந்து வந்த அசல் சரக்கு சார்" என்று நீட்டினால் உஷார்! வாங்குகிறவரும் வழக்கில் மாட்டிக்கொள்வார்.